ஈரலுக்குப் பரவிய பிறகும் குடல் ஒபரேஷன் தேவையா?

தங்கச்சி, அம்மாவுக்குச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹோர்மோன் சுரக்கிற செல்களில் உண்டாகும் ஒருவகைப் புற்றுநோய்), ஈரலிலும் புள்ளிகள் தெரிகிறது, "பரவின பிறகு எதுக்கு வெட்டணும்" என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சை வைத்து முடிவெடுக்காதீர்கள். இது பெரும்பாலும் மெதுவாக வளருகிற நோய், ஈரலுக்குப் போன பிறகும் பல வருஷம் இருக்கிறவர்கள் உண்டு.

பெரிய தொல்லை குடல் பக்கம்தான். கட்டி சின்னதாக இருந்தாலும், குடலைத் தாங்குகிற சவ்விலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவி, அங்கே தழும்பு மாதிரி இறுகி, குடலை மடக்கி இழுக்கும், இரத்தக் குழாயையும் நெரிக்கும். சாப்பிட்டதும் வயிறு முறுக்குகிறது என்றீர்களே, அது இதனாலும் இருக்கலாம். அதனால்தான் குடல் துண்டோடு கணுக்களையும் சேர்த்து எடுக்கப் பார்ப்பார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் இருப்பது சகஜம், முழுச் சிறுகுடலையும் கையால் தடவிப் பார்ப்பீர்களா என்று சர்ஜனிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். ஈரலில் உள்ளதை வெட்டலாமா என்பது எத்தனை, எங்கே என்பதைப் பொறுத்தது.

அப்புறம், கட்டி சுரக்கிற ஹோர்மோனால் முகம் திடீரென்று சிவந்து சூடேறுவது, அடிக்கடி வயிற்றால் போவது இருந்தால் மயக்க மருந்து கொடுக்கும் டொக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒபரேஷன் நேரம் இரத்த அழுத்தம் சட்டென்று விழலாம், அதற்கு அந்த ஹோர்மோனை அடக்குகிற ஒக்ட்ரியோடைட் மருந்தை ஆயத்தமாக வைப்பார்கள். இதய வால்வு பார்க்க எக்கோ ஸ்கேனும் கேளுங்கள்.

பேராதனை கிளினிக் திகதி வரும்வரை ஒன்று: வாந்தி நிற்காமல், வயிறு ஊதி, காற்றும் போகாவிட்டால் விடியட்டும் என்று லயத்தில் காத்திருக்காதீர்கள், இரவென்றாலும் வாகனம் பிடித்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், பயொப்சி ரிப்போர்ட்டும் கையோடு இருக்கட்டும்.