இடைவெளியும் தழைச்சத்தும்: எந்த அட்டவணையை நம்புவது?

கேள்வி: எம்.எஸ்சி. உழவியல் படிக்கிறேன். நெல்லில் மூன்று நடவு இடைவெளி, நான்கு தழைச்சத்து (நைட்ரஜன்) அளவு, மூன்று ரெப்ளிகேஷன் (ஒவ்வொரு சேர்க்கையையும் மூன்று முறை போடுவது) என்று 36 பாத்திகளில் சோதனை போட்டேன். விவரங்களை அனாலிசிஸ் செய்துதரும் ஒரு சென்டரில் கொடுத்தேன். ‘இடைவெளியால் வித்தியாசமில்லை, ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்தே சிறந்தது’ என்று எழுதித் தந்தார்கள். ஆனால் நெருக்கி நட்ட பாத்திகளில் 150 கிலோ போட்டதும் பயிர் சாய்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதே ரிப்போர்ட்டில் இன்டராக்‌ஷன் சிக்னிஃபிகன்ட் (தற்செயல் என்று தள்ள முடியாதது) என்றும் இருக்கிறது. சோதனையைத் திரும்பப் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். வயலில் தப்பு இல்லை, ரிப்போர்ட்டில்தான் தப்பு.

நீங்கள் அனுப்பிய அட்டவணையிலிருந்து நான்கு எண்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நெருக்க நடவில் 100 கிலோவுக்கு விளைச்சல் 5.6 டன், 150 கிலோவுக்கு 5.1 டன். அகல நடவில் 100 கிலோவுக்கு 4.8, 150 கிலோவுக்கு 5.9. சென்டர்க்காரர் செய்ததை நாமும் செய்து பார்ப்போம். 100 கிலோவின் சராசரி 5.2, 150 கிலோவின் சராசரி 5.5. ஆக, 150 ஜெயித்தது. நெருக்க நடவின் சராசரி 5.35. அகல நடவுக்கும் அதே 5.35. ஆக, இடைவெளி ஒரு பொருட்டே இல்லை! கூட்டல் கழித்தலில் பிழையில்லை. ஆனால் நெருக்கி நடும் விவசாயி ஒருவர் இதை நம்பினால், கூடுதல் 50 கிலோ தழைச்சத்துக்காக 108 கிலோவுக்கும் அதிகமான யூரியாவைக் கொட்டிவிட்டு அரை டன் நெல்லையும் இழப்பார்.

குழம்புக்கு எவ்வளவு உப்பு என்று கேட்டால், புளி எவ்வளவு கரைத்தாய் என்றுதான் வீட்டில் திருப்பிக் கேட்பார்கள். இன்டராக்‌ஷன் என்பது அதுதான். ஒன்றின் அளவு சரியா என்பது இன்னொன்றின் அளவைப் பொறுத்தது. அது சிக்னிஃபிகன்ட் என்று வந்துவிட்டால் தனித்தனிச் சராசரிகளை ஓரமாக வையுங்கள். பன்னிரண்டு கட்டங்கள் உள்ள அட்டவணையை எடுத்து, இன்டராக்‌ஷனுக்கு உரிய சி.டி. மதிப்பை (இரண்டு சராசரிகள் இவ்வளவாவது விலகினால்தான் வித்தியாசம் என்று கொள்ளலாம் என்ற எல்லை) வைத்து ஒப்பிடுங்கள். ‘இந்த இடைவெளிக்கு இந்த அளவு’ என்றுதான் உங்கள் முடிவு இருக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்கத்தான் இரண்டையும் ஒரே சோதனையில் வைக்கிறோம். இயற்கையிடம் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்க வேண்டும் என்ற பழைய எண்ணம் முழுத் தவறு என்று இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் பண்ணையில் இருந்த புள்ளியியலாளர் ஃபிஷர் 1926-லேயே எழுதிவிட்டார். நம் வைவாக்களில் (வாய்மொழித் தேர்வுகளில்) இன்னமும் ‘எது பெஸ்ட், ஒரே வரியில் சொல்லு’ என்கிறார்கள். அந்த ஒரு வரிக்காகவே சென்டர்களும் ரிப்போர்ட் தயாரிக்கின்றன.

சென்டர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பன்னிரண்டு சேர்க்கைகளையும் டி1 முதல் டி12 வரை வெறும் பட்டியலாக்கி, எது எதோடு சமம் என்று காட்டப் பக்கத்தில் ஏ, ஏபி, பி என்று எழுத்துகளைத் தூவிக் கொடுப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், இடைவெளி என்ன செய்தது, தழைச்சத்து என்ன செய்தது என்பது மட்டும் தெரியாது. இதைவிட மோசமான ஒன்று உண்டு. பாத்திக்கு ஐந்து குத்து (ஓரிடத்தில் நட்ட நாற்றுக் கொத்து) எடுத்து அளந்திருப்பீர்கள். அந்த 180 அளவையும் 180 ரெப்ளிகேஷன் போல ஏற்றிவிடுவார்கள். உடனே எல்லாமே சிக்னிஃபிகன்ட் ஆகிவிடும், மாணவருக்கும் சந்தோஷம். உங்களிடம் இருப்பது 36 பாத்திதான். ஐந்து குத்துக்கும் சராசரி எடுத்து, பாத்திக்கு ஒரு எண் என்றுதான் ஏற்ற வேண்டும். ரிப்போர்ட்டில் மொத்த டி.எஃப். (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம், ஏற்றிய எண்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 35 என்று இருக்கிறதா பாருங்கள். 179 என்று இருந்தால் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

அப்புறம், நீங்கள் கடிதத்தில் சொல்லாத ஒன்று. எந்தப் பாத்திக்கு எந்தச் சேர்க்கை என்று எப்படிக் குலுக்கிப் போட்டீர்கள்? ஒவ்வொரு ரெப்ளிகேஷனிலும் பன்னிரண்டு சேர்க்கைகளையும் ஒன்றாகக் குலுக்கியிருந்தால் இதுவரை சொன்னது போதும், பிழைக்கான (பாத்திக்குப் பாத்தி தானாக வரும் வேறுபாட்டுக்கான) டி.எஃப். 22. ஆனால் நடவு ஆட்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஒரு பட்டை முழுக்க ஒரே இடைவெளியில் நட்டு, அந்தப் பட்டைக்குள் மட்டும் தழைச்சத்தை மாற்றியிருந்தால் அது ஸ்பிளிட் பிளாட். பலர் இதைச் செய்துவிட்டு சாதாரண ஆர்.பி.டி. (எல்லாச் சேர்க்கைகளையும் ஒன்றாகக் குலுக்கும் முறை) என்று எழுதுகிறார்கள். அப்படியானால் அந்த 22-ஐ இரண்டாகப் பிரிக்க வேண்டும். இடைவெளிக்கு 4, தழைச்சத்துக்கும் இன்டராக்‌ஷனுக்கும் 18. இடைவெளியை நீங்கள் குலுக்கியது ரெப்ளிகேஷனுக்கு மூன்று பட்டைகளில்தான், பன்னிரண்டு பாத்திகளில் அல்ல. ஆகவே அதைப் பற்றி உங்களுக்குக் கிடைத்த சாட்சி குறைவு. இடைவெளி சிக்னிஃபிகன்ட் என்று சொல்ல, முன்பு 5 சதவீத அளவில் எஃப் மதிப்பு (இடைவெளியால் வந்த வேறுபாடு பிழையைப்போல் எத்தனை மடங்கு என்ற எண்) 3.44-ஐத் தாண்டினால் போதும் என்றிருந்தது, இப்போது 6.94-ஐத் தாண்ட வேண்டும். நீர்ப்பாசனச் சோதனைகள் பெரும்பாலும் இந்த வகைதான். பக்கத்துப் பாத்திக்குத் தண்ணீர் கசியும் என்பதால் பாத்திக்குப் பாத்தி பாசனத்தை மாற்ற முடியாது. சென்டரில் இதையெல்லாம் உங்களிடம் கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே முதலில் உங்கள் கள நோட்டில் இருக்கும் பாத்தி வரைபடத்தைப் பாருங்கள். பிறகு சென்டரிலிருந்து அவர்கள் ஏற்றிய மூல ஃபைலை வாங்குங்கள். தர மறுத்தாலும் பரவாயில்லை. 36 எண்களை நீங்களே எக்செல்லில் அடிக்க அரை மணி நேரம் ஆகாது. ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம்தான்.