ஸ்டுடியோவுக்குப் பெரிய பிரிண்டர்: 17 அங்குலமா, 24 அங்குலமா?

கேள்வி: உருவப்படம், குடும்பப் படம் எடுக்கும் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பெரிய படங்களை எல்லாம் வெளியே லேபில் கொடுத்துத்தான் வாங்குகிறேன். நிறம் ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரி வருகிறது, திருத்தித் திரும்ப அனுப்பினால் நாலு நாள் போய்விடுகிறது. அதனால் சொந்தமாக இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கப் போகிறேன். 17 அங்குல அகலத் தாள் வரை போகிற மெஷின் போதுமா, 24 அங்குலம் எடுப்பதா? வாரத்துக்கு ஐந்தாறு பெரிய படம் போகும், சில வாரம் ஒன்றுமே இருக்காது.

பதில்: "சில வாரம் ஒன்றுமே இருக்காது" என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதிலிருந்துதான் நான் தொடங்குவேன். இந்த வகை பிரிண்டர்கள் ஓடித் தேய்வதைவிட சும்மா நின்று கெடுவதுதான் அதிகம். தாளில் மையைத் தெளிக்கும் ஹெட்டில் தலைமுடியைவிட மெல்லிய துளைகள் இருக்கின்றன, பல நாள் மை ஓடாவிட்டால் அந்தத் துளையின் வாயில் மை காய்ந்து அடைக்கக்கூடும், காற்று வறண்டிருந்தால் இன்னும் சீக்கிரம். அடைப்பை எடுக்க மெஷின் மையை உறிஞ்சி கழிவு மைத் தொட்டியில் கொட்டும். அந்த மைக்கும் காசு கொடுத்தது நீங்கள்தான், அப்புறம் தொட்டி நிறைந்தால் அதையும் வாங்கி மாற்ற வேண்டும். 24 அங்குல மெஷினில் குழாய் நீளம், கார்ட்ரிட்ஜ் பெரிது. வேலை குறைவாக இருந்தால் மை தேதி முடியும்வரை உள்ளேயே கிடக்கும்.

அகலத்தைப் பொறுத்தவரை, ஏ2 தாளின் அகலம் 42 செ.மீ., 17 அங்குலம் என்பது 43 செ.மீ. சொச்சம், ஆக ஏ2 வரை கவலை இல்லை. 24 அங்குலம் 61 செ.மீ., அதில் ஏ1 அடங்கும். போன வருடத்து பில்களை ஒரு மாலை உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள், ஏ2-வுக்கு மேல் எத்தனை போயிருக்கிறது என்று. பத்தில் ஒன்று என்றால் அந்த ஒன்றை இன்னமும் லேபுக்கே கொடுங்கள், 17 வாங்குங்கள். நாலில் ஒன்றுக்கு மேல் இருந்து, தினமும் ஏதாவது அச்சடிக்கிற அளவுக்கு வேலையும் வந்தால் 24 எடுப்பதுதான் லாபம், ஏனென்றால் பெரிய கார்ட்ரிட்ஜில் மில்லிக்கு ஆகும் விலை குறைவு. 17 அங்குல மெஷின்களில் எப்சன் பி900-இல் ஒரு நிறத்துக்கு 50 மில்லி, கேனான் புரோ-1000-இல் 80 மில்லி. கேனானின் 24 அங்குல புரோ-2100-இல் 160, 330, 700 என்று மூன்று அளவு போடலாம். புகைப்படத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு உத்தேசமாக 10 முதல் 20 மில்லி மை போகும், ஏ2 அதில் கால் பங்கு. இதை வைத்து உங்கள் மாதச் செலவைக் கணக்குப் போடலாம், ஆனால் முதல் செட் மையை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் கணிசமான பங்கு குழாய்களை நிரப்பவே போய்விடும்.

நீங்கள் சொன்ன அளவு வேலைக்கு 17 போதும் என்பது என் முடிவு. வேலை இல்லாத வாரத்திலும் இரண்டு நாளுக்கு ஒரு முறை எல்லா நிறமும் கலந்த சின்னப் படம் ஒன்றை அச்சடியுங்கள், அதற்கு ஆகும் மை சுத்தம் செய்வதில் போகும் மையைவிட ரொம்பக் குறைவு.

வாங்கும் முன் இன்னும் சில விஷயங்கள். சுவரில் மாட்ட விற்கும் படம் என்பதால் பிக்மென்ட் மையாக (நிறம் நுண்துகள்களாக இருக்கும் மை) இருக்கட்டும், நிறம் கரைந்திருக்கும் சாய மை பளபளப்பாக இருந்தாலும் பொதுவாக அதைவிட வெகு சீக்கிரம் வெளுக்கும். கருப்பு மை இரண்டு வகை, பளபளப்புத் தாளுக்கு ஒன்று, பளபளப்பில்லாத மேட் தாளுக்கு ஒன்று. எப்சன் பி800 போன்ற பழைய மாடல்களில் இரண்டும் ஒரே வழியில் வந்ததால் தாள் வகையை மாற்றும்போதெல்லாம் அந்த வழியைக் காலி செய்து நிரப்ப வேண்டும், நேரமும் போகும் மையும் போகும். பி900, புரோ-1000 இரண்டிலும் தனித்தனி வழி. நீளமான குழுப் படம் அடிப்பீர்கள் என்றால் ரோல் வேண்டும்: பி900-க்கு ரோல் பகுதியைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம், புரோ-1000-இல் ரோலே போட முடியாது.

ஹெட்டில்தான் இரண்டு கம்பெனிக்கும் பெரிய வித்தியாசம். கேனானுடையது சூட்டில் மையைத் தள்ளுவது, தேயும் பொருள்தான், ஆனால் போனால் நாமே கழற்றி மாற்றலாம், ஒரு துளை அடைத்தாலும் வேறு துளை அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். எப்சனுடையது பீசோ, அதாவது மின்சாரத்தில் அசையும் பொருளால் மையைத் தள்ளுவது, நீண்ட நாள் உழைக்கும், போய்விட்டால் டெக்னீஷியன்தான் வர வேண்டும், செலவும் அதிகம். அதனால் கடையில் டெமோ பார்க்கும் முன், ஹெட் போனால் யார் வருவார்கள், எத்தனை நாளில் வருவார்கள் என்று கேளுங்கள். தெளிவான பதில் இல்லை என்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.

நிறம் மாறுகிறது என்ற உங்கள் குறை பிரிண்டர் வாங்கினால் மட்டும் தீராது. மானிட்டரைக் கருவி வைத்து அளந்து சரி செய்யுங்கள், வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் (வெளிச்சத்தின் அளவு) இறக்குங்கள். பிரிண்ட் இருட்டாக வருகிறது என்று புலம்புகிறவர்களில் பலருக்கு மானிட்டர்தான் கண்ணைக் கூசும் அளவு பிரகாசமாக இருக்கிறது. ஒவ்வொரு தாளுக்கும் அதற்கான ஐசிசி புரொஃபைல் (அந்தத் தாளில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் ஃபைல்) போடுங்கள். இந்த வேலைக்கான கருவியின் விலையையும் பிரிண்டர் பட்ஜெட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: புது 17 அங்குல விலைக்கே பழைய 24 அங்குல மெஷின் ஒன்று கிடைக்கிறது. விற்பவர் படம் அச்சடித்துக் காட்டினார், அருமையாக இருந்தது. எடுக்கலாமா?

பதில்: அவர் என்ன படம் அடித்துக் காட்டினார்? எனக்கு இப்படி ஒருவர் சிவப்பு ரோஜாவை அடித்துக் காட்டினார், கையில் எடுக்கத் தோன்றும் அளவுக்கு இருந்தது, வாங்கிவிட்டேன். கொண்டுவந்து முதல் வேலையாக ஒரு குழந்தை முகத்தை அடித்தால் கன்னத்தில் லேசாகப் பச்சை. எல்லாத் துளையிலும் மை வருகிறதா என்று காட்டும் நாசில் செக் அடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: மற்ற நிறங்களில் எல்லாம் படிக்கட்டு போல் கோடுகள் ஒழுங்காக இறங்கின, வெளிர் மெஜந்தா கட்டத்தில் மட்டும் ஏழெட்டுப் படி காணோம். ரோஜாவில் அடர் மெஜந்தா வேலை செய்ததால் குறை தெரியவில்லை. மனிதத் தோலின் மெல்லிய நிறம் வெளிர் மையில்தான் வருகிறது. மூன்று முறை சுத்தம் செய்தும் ஒரு படிகூடத் திரும்பவில்லை, கடைசியில் ஹெட்டை மாற்றினேன். விற்கும் முன் நாலு மாதம் அந்த மெஷின் மூடியே கிடந்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அதனால் உங்கள் படத்தை நீங்களே பென் டிரைவில் கொண்டுபோங்கள். ஒரு முகம், அப்புறம் தாள் முழுக்க ஒரே நடுச் சாம்பல் நிறம், இரண்டு போதும். சாம்பல் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், குறுக்கே வரி வரியாகத் தெரிந்தால் ஹெட்டிலோ தாளை நகர்த்தும் பகுதியிலோ கோளாறு. முதலில் நாசில் செக், அதுவும் உங்கள் கண் முன்னால், சுத்தம் செய்யாமல். கடைசியாக எப்போது ஓடியது, கழிவு மைத் தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது, அந்த மாடலுக்கு மை இன்னும் வருகிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பிரிண்டர் கம்பெனி அல்லாத மற்றவர்கள் செய்யும் வெளி மை பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

பதில்: விற்கும் படத்துக்கு வேண்டாம். மை மாறினால் தயாரிப்பாளர் தந்த புரொஃபைல் எதுவும் பொருந்தாது, எல்லாத் தாளுக்கும் புதிதாக அளந்து செய்ய வேண்டும். எத்தனை வருடம் வெளுக்காமல் இருக்கும் என்பதும் தெரியாத மையில் ஒரு குடும்பத்தின் படத்தை அச்சடித்துக் கொடுக்க எனக்கு மனம் வராது.

கேள்வி: என் கேமரா 24 மெகாபிக்சல்தான். ஏ1-க்குத் தாங்குமா?

பதில்: தாங்கும். 6000-க்கு 4000 பிக்சல் என்றால் ஏ2-வின் நீளப் பக்கத்தில் அங்குலத்துக்கு 256 பிக்சல் வரும், ஏ1-இல் 181. ஏ1 படத்தை யாரும் மூக்கை ஒட்டிப் பார்ப்பதில்லை, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் வித்தியாசம் தெரியாது. ஃபோகஸ் படத்தில் இருப்பவரின் கண்ணில் இல்லாமல் காதில் இருந்தால்தான் ஏ1 அதை எல்லோருக்கும் காட்டிவிடும், அதை மட்டும் முதலிலேயே 100 சதவீதத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.