மெஷின் பொய் சொல்லலைங்க அம்மிணி

கேள்வி: எங்கய்யனுக்கு 67 வயசுங்க டாக்டர், சுகர், கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்த டெஸ்ட்) 3.2, டயாலிசிஸ் இன்னும் ஆரம்பிக்கல. பிரஷருக்கு அட்டெனலாலும் டெல்மிசார்டனும் சாப்பிடறாருங்க. போன மாசம் ரெண்டு நாளா வயித்தால போச்சு, சூடுன்னு தோப்புல இருந்து எளநி வெட்டி வெட்டி குடுத்தோம். மூணாம் நாள் விடிகாலைல கையெல்லாம் சில்லுன்னு வேர்த்து, கூப்பிட்டா "ம்"னு மட்டும் சொல்றாரு. பிரஷர் மெஷின்ல 80/50, நாடி 38. மெஷின் கெட்டுப்போச்சுன்னு பேட்டரி மாத்திட்டு இருந்தமுங்க. இப்ப தேறி வந்துட்டாரு. அடுத்த தடவை எப்படி கண்டுபிடிக்கறது? எளநி குடுக்கலாமுங்களா?
— வாசகி, பொள்ளாச்சி பக்கம்

பதில்: பேட்டரி மாத்துனதுக்கு வருத்தப்படாதீங்க அம்மிணி, நெறைய வீட்ல இதான் நடக்குது. பொதுவா பிரஷர் எறங்கி ஷாக் (ஒடம்புக்கு ரத்த ஓட்டம் பத்தாம போற நெலை) ஆனா நாடி எகிறும், நூறு நூத்திருபதுன்னு ஓடும். உங்கய்யனுக்கு பிரஷரும் எறங்கி நாடியும் மந்தமாயிருச்சு. அந்த ரெண்டும் சேர்ந்தா கிட்னி பேஷண்ட்டுக்கு அது எமர்ஜென்சிதான், 108க்கு போன் போட்டுரணும்.

நடந்தது என்னன்னா, வயித்தால போயி ஒடம்புல நீர் வத்திருச்சு, ஏற்கனவே அரைகுறையா வேலை பாக்குற கிட்னி இன்னும் படுத்துருச்சு, நாடிய மெதுவாக்குற அட்டெனலால் கிட்னி வழியாத்தான் வெளிய போகணும், அது ரத்தத்துலயே தேங்கிருச்சு, பொட்டாசியமும் தேங்கிருச்சு (டெல்மிசார்டனும் அத ஏத்தும்), ரெண்டும் சேர்ந்து இதயத்த அமுக்க, இதயம் மெதுவானதும் கிட்னிக்கு போற ரத்தமும் கொறைய, பொட்டாசியம் இன்னும் ஏறும். செக்கு மாடாட்டம் சுத்திட்டே இருக்கும். இதுக்கு டாக்டருக பிராஷ் (BRASH)னு பேரு வெச்சிருக்காங்க. இதுல பொட்டாசியம் ரொம்ப ஏறணும்னு கூட இல்லீங்க, சுமாரா ஏறுனாலும் மாத்திரையோட சேர்ந்து ஆளை சாச்சுப்போடும்.

மெஷின் மேல சந்தேகம்னா கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டுல ரெண்டு விரல் வெச்சு முழுசா 1 நிமிஷம் எண்ணுங்க. 50க்கு கீழ, கூடவே தலைசுத்தல், மயக்கம், கை கால் சில்லுன்னு, பேச்சு கொழறல், மூத்திரம் கொறைவுன்னு எதாச்சும் ஒண்ணு இருந்தாலும் காத்திருக்காதீங்க. மாத்திரை அட்டைய கையோட எடுத்துட்டு போங்க, "கிட்னி பேஷண்ட், அட்டெனலால் சாப்பிடறாரு, நாடி 38"னு வாசல்லயே சொல்லிருங்க. ஈசிஜி ஒடனே எடுப்பாங்க, பொட்டாசியம் ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே கால்சியம் ஊசி போடலாம், இன்சுலினோட குளுக்கோஸ், தேவைன்னா டயாலிசிஸ்.

வாந்தி பேதி வந்த அன்னிக்கே, அடுத்த வேளை மாத்திரை போடறதுக்கு முன்னாடி டாக்டருக்கு போன் பண்ணுங்க. நீங்களா அட்டெனலாலை பட்டுனு நிறுத்திராதீங்க, அதுவும் ஆபத்து.

எளநி? ஒரு டம்ளர்லயே சுமாரா 400, 500 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்குங்க. சோடியம் கொறைச்ச உப்புன்னு கடைல விக்கறதுலயும் பொட்டாசியம்தான். தோப்பு உங்களுதா இருந்தாலும் சரி, அய்யனுக்கு வேண்டாம், நீங்க குடிங்க.