பழைய பந்தய வீலுக்கு எந்த நட்?

காரைக்குடி வாசகர்: எங்கள் ஐயா வைத்திருந்த மோரிஸ் மினி இன்னும் கொட்டகையில் நிற்கிறது. சோழவரம் பந்தயத்துக்காகப் போட்ட மக்னீசிய வீல் நான்கும் அப்படியே இருக்கின்றன. நட்டுகளில் பாதி காணோம், மீதி துருப்பிடித்துவிட்டன. கடையில் கூம்பு வாய் நட்டைக் காட்டி, “மரை சரியா ஏறுதே, போட்டுக்கங்க” என்கிறார்கள். போடலாமா?

பதில்: மரை ஏறிவிட்டது என்பதற்காகப் போடாதீர்கள். நட் எது என்பதை முடிவு செய்வது வீலின் துளைதான். ஒரு வீலைக் கழற்றித் துளையை நன்றாகத் துடைத்துவிட்டுப் பாருங்கள். வாய் சரிவாக இருந்தால் கூம்பு நட், கிண்ணம்போல் குழிந்திருந்தால் உருண்டை வாய் நட். துளை நேராக இறங்கி மேல்முகம் தட்டையாக இருந்தால் வாஷருடன் போடும் ஸ்லீவ் நட். நட்டின் அடியில் குழாய்போல் நீண்டிருக்கும் ஸ்லீவ் துளைக்குள் இறங்கி வீலை நடுவில் நிறுத்தும், பாரத்தை வாஷர் தாங்கும்.

தட்டை வாயில் கூம்பு நட்டை இறுக்கினால் மெல்லிய வளையமாக ஒரு கோட்டில் மட்டும் உட்காரும். மக்னீசியம் மெத்தென்ற உலோகம். அந்தக் கோடு சதையை வெட்டிக்கொண்டு இறங்கும். இறங்க இறங்க இறுக்கம் போகும், வெட்டிய இடத்திலிருந்து விரிசலும் தொடங்கும். சரிவு வாயாகவே இருந்தாலும், துளையில் எஃகு புஷ் (உள்ளே பதிக்கும் வளையம்) இல்லாவிட்டால் கூம்பு நட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். புஷ் இருந்தால் நட்டின் கூம்பில் மார்க்கிங் ப்ளூ என்னும், பொருத்தம் பார்க்கும் நீல மையைத் தடவி, கையால் இறுக்கிக் கழற்றுங்கள். நீலம் சுற்றிலும் அகலப் பட்டையாக ஒட்டியிருந்தால் சரிவு பொருந்துகிறது.

ஸ்லீவ் நட் என்றால் நீளத்தை அளக்காமல் வாங்க வேண்டாம். வெர்னியரால் வாஷர் உட்காரும் முகத்திலிருந்து வீலின் பின்முகம் வரை அளவெடுங்கள். அது 20 மி.மீ., வாஷர் 3 மி.மீ. என்றால் கூட்டினால் 23; அதில் 2 மி.மீ. கழித்து, ஸ்லீவ் 21-க்கு மேல் போகக் கூடாது. நீளம் கூடினால் ஸ்லீவின் நுனி, வீல் மாட்டும் ஹப்பில் முட்டி நிற்கும். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் ‘டக்’ என்று சொல்லும், வீலோ பிடிபட்டிருக்காது. ஓடும்போது வீல் ஆடி ஆடி ஸ்டட்டை, அதாவது நட் ஏறும் மரைக் கம்பியை, அறுத்துவிடும். மூடிய தலை நட்டிலும் இதே ஆபத்து: ஸ்டட்டின் நுனி மூடியில் முட்டினால் இறுக்கம் பொய்.

இனி மரை. அந்தக் கால மினியின் ஸ்டட் 3/8 அங்குல யு.என்.எஃப். (நெருக்கமான அங்குல மரை), அங்குலத்துக்கு 24 மரை. நட் குறைந்தது 9 முழுச் சுற்று ஏற வேண்டும். பந்தய வண்டியில் ஸ்டட்டை மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் மரைகளின் இடைவெளியை (பிட்ச்) அளக்கும் பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்துவிடுங்கள். 12 மி.மீ., 1.25 பிட்ச் ஸ்டட்டில் அரை அங்குல, 20 மரை நட்டும் ஏறிவிடும், பிட்ச் 1.27 என்பதால் கைக்கு வித்தியாசம் தெரியாது. லேசான ஆட்டம்தான் காட்டிக்கொடுக்கும். இறுக்கினால் மரை உரிந்துவிடும்.

நட்டும் வாஷரும் ஜிங்க் பூசிய எஃகாக இருக்கட்டும். பித்தளை, எவர்சில்வர், செம்பு கலந்த கிரீஸ் எதுவும் வேண்டாம். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையமான செக்ரி இருக்கும் ஊர்க்காரருக்கு மின்வேதி அரிப்பைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை: ஈரம் பட்டால் கரைவது மக்னீசியம்தான். தொண்டிப் பக்கம் கடற்கரைக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு நிறுத்துங்கள்.

பெயின்டை நீக்கி விரிசல் சோதித்த பிறகே வீலை மாட்டுங்கள். திருச்சி பாய்லர் தொழிற்சாலையைச் சுற்றியுள்ள பட்டறைகளில் சாயம் ஊடுருவும் சோதனை செய்கிறார்கள். மாட்டும்போது மரையில் எண்ணெய் வேண்டாம். எதிரெதிராக 20, 40, 60 நியூட்டன் மீட்டர் என மூன்று கட்டமாக இறுக்குங்கள். ஏர் கன் கூடவே கூடாது. சூட்டில் மக்னீசியம் எஃகைவிட இரண்டு மடங்குக்கு மேல் விரியும், தன் வாயைத் தானே நசுக்கிக்கொள்ளும், ஆறியதும் நட் தளரும். முதல் 50 கி.மீ. ஓட்டியபின், வீல் ஆறியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

கானாடுகாத்தான் வாசகர்: வீல் மக்னீசியமா அலுமினியமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புளி போட்டுத் துலக்கலாமா?

பதில்: பின்பக்கம் மறைவான இடத்தில் சிறிது சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். உடனே நுரைத்தால் மக்னீசியம். அப்போதே கழுவிவிடுங்கள். இதிலிருந்தே தெரியும், பித்தளைக்கு ஏற்ற புளியும் எலுமிச்சையும் இதைத் தின்றுவிடும்.

தேவகோட்டை வாசகர்: நட் உட்காரும் வாய் தேய்ந்திருக்கிறது. லேத்தில் சீவி எடுக்கலாமா?

பதில்: எஃகு புஷ் இறக்குவதற்காக மட்டும் சீவலாம், அதுவும் மக்னீசியம் சீவிப் பழகிய கையிடம். கூர்மையான டூல் வேண்டும். மழுங்கியது உரசிச் சூடேற்றும், மெல்லிய சீவல் தீப்பிடிக்கும். நீர் கலந்த கூலன்ட் ஊற்றக் கூடாது. எரியும் மக்னீசியத்தில் தண்ணீர் பட்டால் தீ வெடித்துப் பரவும். நன்கு காய்ந்த மணல் ஒரு வாளி பக்கத்தில் இருக்க வேண்டும். சீவலை இரும்புத் தூளோடு சேர்க்காமல், வேலை முடிந்ததும் மூடியுள்ள உலர்ந்த இரும்பு டப்பாவில் அள்ளி வையுங்கள்.