வீட்டு ஷாம்பு: அன்றைக்குச் செய்து அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 34. ஈரோடு பக்கம் குடியிருக்கிறோம். குளிக்க, துவைக்க எல்லாமே போர் தண்ணீர்தான். ஆறு மாதத்துக்கு முன் தங்கை கல்யாணத்துக்காக முடியை ஸ்ட்ரெயிட்னிங் செய்துகொண்டேன். இப்போது நுனியெல்லாம் தேங்காய் நார் மாதிரி வறண்டு கிடக்கிறது. இதற்கிடையில் டெங்கு வந்து தேறி மூன்று மாதம் ஆகிறது. சில நாட்களாகத் தலை சீவினால் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. கடை ஷாம்புவில் இருக்கும் கெமிக்கல்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். குளியல் சோப்பைச் சீவிக் கரைத்து, தேங்காய்ப்பால், ஆப்ப சோடா, எலுமிச்சைச் சாறு, வைட்டமின் ஈ மாத்திரை சேர்த்து ஒரு மாதத்துக்கு வைத்துக்கொள்ளும் ‘இயற்கை மாய்ஸ்சரைசிங் ஷாம்பு’ ஒன்றை வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா டாக்டர்? 6 வயது மகளுக்கும் அதையே தேய்க்கலாமா?

பதில்: அந்த வீடியோ கலவை உங்களுக்கும் வேண்டாம், மகளுக்கும் வேண்டாம். ஆனால் தலைக்குத் தேய்ப்பதை வீட்டிலேயே தயாரிக்க வேண்டும் என்ற உங்கள் ஆசையில் தவறே இல்லை. அதற்கு நல்ல வழி இருக்கிறது, அதுவும் உங்கள் ஊரிலேயே சுலபமாகக் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு. அதற்கு முன் முடி கொட்டுவதைப் பற்றிப் பேசிவிடலாம். உங்களை அதிகம் பயமுறுத்துவது அதுதான் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது.

கொத்துக் கொத்தாகக் கொட்டுவதற்கு உங்கள் ஷாம்பு காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. டெங்கு காய்ச்சல்தான் காரணமாக இருக்க வேண்டும். தலையில் இருக்கும் முடியில் பெரும்பகுதி எப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும். ஒரு சிறு பங்கு மட்டும் ஓய்வில் இருந்துவிட்டு உதிரும். அப்படி ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது எல்லோருக்கும் நடப்பதுதான். கடுமையான காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி போன்றவை உடம்பை உலுக்கும்போது, வளர வேண்டிய முடி ஏராளமாக ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய்விடுகிறது. அன்றைக்கே அது உதிராது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் மொத்தமாக வெளியே வரும். அதனால்தான் யாருக்கும் காய்ச்சல் நினைவுக்கு வருவதில்லை. கையில் இருக்கும் ஷாம்பு பாட்டில் மேல் பழி விழுகிறது. வேர் அப்படியே உயிரோடு இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் கொட்டுவது தானாகக் குறைந்து புது முடி முளைத்துவிடும். இருந்தாலும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்: ஹீமோகுளோபின், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு. மாதவிடாய் அதிகமாகப் போகிறவர்களுக்கு இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் முடி வறண்டு போகும்; எந்த ஷாம்புவாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

இனி வறட்சி. அது வேறு கதை, அதற்குக் காரணம் ஸ்ட்ரெயிட்னிங். நல்ல முடியின் மேல்பரப்பில் செதில் அடுக்கு ஒன்று ஓடு வேய்ந்ததுபோல் படிந்திருக்கும். அதற்கும் மேலே மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. முடியோடு முடி உரசாமல் வழுக்கிக்கொண்டு போவது இந்தப் படலத்தால்தான். நேராக்கும் கெமிக்கலும் சூடும் இந்தப் படலத்தை எடுத்துவிடுகின்றன, செதில்களைத் தூக்கிவிடுகின்றன. பிறகு முடி சொரசொரக்கிறது, சிக்கு விழுகிறது, நுனி பிளக்கிறது. இதைத்தான் நாம் வறட்சி என்கிறோம். கேட்டால் வியப்பாக இருக்கும்: இப்படிக் கெட்டுப்போன முடி நல்ல முடியைவிட அதிகமாகத் தண்ணீரை உறிஞ்சும். குடித்து உப்பும், காய்ந்து சுருங்கும், மறுபடி உப்பும். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் பலவீனப்படும். ஆகவே உங்கள் முடிக்குத் தேவை தண்ணீர் இல்லை, உரசலைக் குறைக்கும் ஒரு பூச்சு. அழுக்கை எடுக்கிற எதுவும் எண்ணெயையும் கொஞ்சம் எடுக்கத்தான் செய்யும். அதனால் கழுவுவதற்கு ஒன்று, பூசுவதற்கு ஒன்று என்று பிரித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஒரே பாட்டிலில் இரண்டும் வேண்டும் என்று தேடும்போதுதான் இந்த மாதிரி வீடியோக்களில் போய் நிற்கிறோம்.

அந்தக் கலவையை ஒவ்வொன்றாகப் பாருங்கள். குளியல் சோப்புக் கரைசலின் பி.எச். அளவு 9, 10 வரை இருக்கும், அதாவது நல்ல காரம். நம் தலைத்தோல் 5.5 அளவில் லேசான அமிலத்தன்மையோடு இருப்பது; முடியின் இயல்பு அதைவிடவும் அமிலப் பக்கம். காரம் பட்டால் செதில்கள் விரிந்து நிற்கும். உங்கள் முடியில் அவை ஏற்கெனவே தூக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. போர் தண்ணீரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் பிசுக்காக மாறும். துணி துவைக்கும் வாளியில் ஓரமாக ஒட்டுகிறதே, அதே பிசுக்கு தலைமுடியிலும் ஒட்டும். ஆப்ப சோடாவும் காரம்தான். அதோடு எலுமிச்சையைச் சேர்த்தால் நுரைத்துப் பொங்கும். அது வெறும் கரியமில வாயு, வாயு போனதும் அங்கே சுத்தம் செய்யும் சக்தி எதுவும் மிச்சம் இருக்காது. எலுமிச்சை அதிகமாகிவிட்டால் சோப்பே திரிந்து கொழுப்புக் கட்டிகளாகப் பிரியும். தேங்காய்ப்பால் கூந்தலுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் சமைத்த குழம்பே வெளியில் வைத்தால் மறுநாள் தாங்காத வெயிலில், தேங்காய்ப்பால் கலந்த தண்ணீர் ஒரு மாதம் குளியலறையில் இருக்குமா?

இந்த ஒரு மாதம் என்ற சொல்தான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. தண்ணீர் கலந்த எந்தப் பொருளிலும் கிருமி வளரும். கடை ஷாம்புவில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள். பலர் பயப்படும் ‘கெமிக்கல்’களில் அதுவும் ஒன்று. வைட்டமின் ஈ அந்த வேலையைச் செய்யாது. எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதை அது தள்ளிப்போடும், அவ்வளவுதான். பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தடுக்காது. எலுமிச்சை, வேப்பிலை, தேன் சேர்த்தால் கெடாது என்பதையும் நம்ப வேண்டாம். ஈரமான பாட்டிலில் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் வாசனைகூட மாறாமல் பெருகலாம். அதைத் தலையில் தேய்த்தால் மயிர்க்கால்களில் சீழ்க்கொப்புளங்கள் வரக்கூடும். வீட்டில் சர்க்கரை நோயாளியோ புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரோ இருந்தால் இந்த விஷயத்தில் விளையாடவே கூடாது.

சரி, என்ன செய்யலாம்? ஒரு தலைக்குளியலுக்கு மட்டும் தயாரியுங்கள். விதை நீக்கிய சீயக்காய் ஐந்தாறு, கொட்டை எடுத்த பூந்திக்கொட்டை மூன்று, வெந்தயம் ஒரு தேக்கரண்டி. இவற்றை முதல்நாள் இரவே சுமார் 400 மி.லி. தண்ணீரில் ஊறப்போடுங்கள். முடிந்தால் இதற்குக் குடிக்கும் தண்ணீரையோ மழைநீரையோ எடுத்துக்கொள்ளுங்கள், போர் தண்ணீர் வேண்டாம். காலையில் எவர்சில்வர் பாத்திரத்தில் பத்து நிமிடம் சிறுதீயில் கொதிக்கவிட்டு, ஆறியதும் கையால் நன்றாகப் பிசைந்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். இரும்புச் சட்டியில் செய்தால் சாறு கறுத்துவிடும். செம்பருத்தி இலை ஒரு கைப்பிடி பறித்துக் கழுவி, பச்சையாகவே கொஞ்சம் தண்ணீரில் கசக்கினால் வழவழவென்று சாறு வரும். அதையும் வடிகட்டி இதோடு சேருங்கள். வடிகட்டுவதில் சோம்பல் வேண்டாம். தலையில் தங்கிவிடும் சக்கைத் துகள்தான் பலருக்கு அரிப்பைக் கொடுக்கிறது. அவர்கள் சீயக்காயே ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

இதில் அழுக்கை எடுப்பது சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருக்கும் சபோனின். சோப்பைப் போலவே நுரை தரும், ஆனால் போர் தண்ணீரில் அந்த வெள்ளைப் பிசுக்கை உண்டாக்காது. சீயக்காய்ச் சாறு லேசான அமிலத்தன்மை கொண்டது என்பதால் செதில்களையும் தூக்காது. வெந்தயமும் செம்பருத்தி இலையும் தரும் வழவழப்பு முடியின்மேல் மெல்லிய பூச்சாகத் தங்கும். நுரை கம்மியாகத்தான் வரும். நுரைக்காக அளவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள், பூந்திக்கொட்டை அதிகமானால் அதுவும் வறட்டும்.

கொதிக்கவைக்க நேரமில்லாத நாளுக்கு உங்கள் கொங்கு நாட்டு அரப்புத்தூளே போதும். சோறு வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் கஞ்சியின் மாவுச்சத்து முடிக்கு மென்மை தரும். என்னைக் கேட்டால், உங்களைப் போல் கெமிக்கலால் கெட்ட முடிக்குச் சீயக்காயைவிட அரப்பையே முதலில் சொல்வேன். தூளை நன்றாகச் சலித்து, ஈரக்கை படாமல் காற்றுப்புகாத டப்பாவில் வைத்தால் சில மாதம் இருக்கும். நீங்கள் கேட்ட ‘ஒரு மாதம்’ இந்தத் தூளுக்குப் பொருந்தும், கரைத்த சாறுக்குப் பொருந்தாது. வேகவைத்த சாறு மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வையுங்கள், அதற்குமேல் செடிக்கு ஊற்றிவிடுங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் தூளைச் சலிக்கும்போது மூக்கைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும்.

எதையும் முதல்முறை தலையில் கொட்டிவிடாதீர்கள். முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி, தலையில் வைத்திருக்கும் நேரம் வைத்துக் கழுவி, இரண்டு நாள் பாருங்கள். சிவப்போ அரிப்போ வந்தால் அது உங்களுக்கு வேண்டாம். மூலிகைக்கும் அலர்ஜி உண்டு. சோற்றுக்கற்றாழை சேர்க்க விரும்பினால், மடலை வெட்டியதும் வழியும் மஞ்சள் பாலை முழுவதும் வடியவிட்டு, கழுவியபின் உள்ளே இருக்கும் கூழை மட்டும் எடுங்கள். அரிப்பைத் தருவது அந்த மஞ்சள் பால்தான். வாசனைக்காகத் தைலங்களைச் சொட்டுவதை நான் விரும்புவதில்லை. என்னிடம் தலைத்தோல் அலர்ஜியோடு வருகிறவர்களில் தைலம் தடவியவர்கள் உண்டு.

பூச்சுக்குத் தேங்காய் எண்ணெயே நல்லது. அதிலுள்ள லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். குளிப்பதற்கு அரைமணி முன், ஒன்றிரண்டு தேக்கரண்டி எண்ணெயை முடியின் நடுவிலிருந்து நுனிவரை தடவுங்கள். வழிய வழிய வைத்தால் சீயக்காயால் எடுக்க முடியாது, மறுபடி மறுபடி தேய்த்து முடி அறுந்துபோகும். பொடுகு இருந்தால் தலைத்தோலில் எண்ணெய் வேண்டாம்; பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சைக்கு அந்த எண்ணெயே தீனி. அதற்கு மருத்துவர் எழுதித்தரும் கீட்டோகொனசோல் ஷாம்புவை வாரம் இருமுறை, ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவினால்தான் அடங்கும்.

குளித்தபின் கடை கண்டிஷனரை நுனிமுடிக்கு மட்டும் போட்டு அலசிக்கொள்ளுங்கள். இயற்கை முறைக்குப் போனபிறகு அதைத் தொடக்கூடாது என்று விரதம் எதுவும் வேண்டாம். படலம் இழந்த முடியில் எதிர்மின்னேற்றம் கூடியிருக்கும். கண்டிஷனரில் உள்ள நேர்மின்னேற்றப் பொருள் அந்த இடத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். நம் அடுப்படியில் அதற்கு ஈடானது கிடையாது. வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். துண்டால் அடித்துத் துவட்டாமல் ஒற்றி எடுங்கள். கடைசி அலசலுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து ஊற்றலாம். போர் தண்ணீர்ப் படிவுக்கு அது உதவும். ஆனால் நல்ல தண்ணீரால் உடனே கழுவிவிடுங்கள். எலுமிச்சை பட்ட தோலில் வெயில் பட்டால் கருமையாகத் தழும்பும்.

எவ்வளவு செய்தாலும் ஸ்ட்ரெயிட்னிங்கில் போன படலம் அந்த முடியில் திரும்ப வராது. முடி மாதம் சுமார் ஒரு செ.மீ. வளரும். புதிதாக வரும் முடிதான் நல்ல முடி. கெட்ட நுனியை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிவிடுங்கள். இன்னொரு விசேஷம் வருகிறது என்று மறுபடி நேராக்கப் போகாதீர்கள், இதை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். கிளையாக்சிலிக் அமிலம் உள்ள நேராக்கும் கிரீம்களால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் வந்திருக்கின்றன.

மகளுக்கு வருவோம். 6 வயதுக் குழந்தையின் முடிக்கு வறட்சிச் சிகிச்சை எதுவும் தேவையில்லை. வாரம் இரண்டு முறை மென்மையான குழந்தைகள் ஷாம்புவோ, நன்றாகச் சலித்த அரப்போ போதும். பூந்திக்கொட்டை அவளுக்கு வேண்டாம். அது கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், கருவிழியும் புண்படலாம். தப்பித்தவறிப் பட்டுவிட்டால் கண்ணைக் கசக்கவிடாமல், சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். வலியோ சிவப்போ தொடர்ந்தால் அன்றே கண் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தலையில் வட்டமாக முடி உடைந்து, செதில் உரிந்து, வீங்கியிருந்தால் அது படர்தாமரை வகைப் பூஞ்சை. எந்தத் தேய்ப்பும் கேட்காது, மாத்திரை கொடுத்தே ஆக வேண்டும். குழந்தைகளுக்கு அது சாதாரணமாக வரும், பள்ளியில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவவும் செய்யும் என்பதால் சீப்பையும் துண்டையும் அவளுக்கெனத் தனியாக வைத்துவிடுங்கள்.