99.5% தூய்மை ஒன்றாக இருந்தாலே காப்புரிமை மீறலா?

கேள்வி: சேலத்தில் சிறு யூனிட்டில் எத்தனாலை மீட்டு 99.5 சதவீதத்துக்குக் கொண்டுவருகிறோம். செய்முறைக் காப்புரிமையை மீறியதாக வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. என்ன செய்வது?

தூய்மை ஒன்றாக இருப்பது மீறல் ஆகாது. செய்முறைக் காப்புரிமை காப்பது வழியை. அதன் உரிமைக்கோரல் பகுதியை, குறிப்பாக முதல் கோரலை, வரிவரியாகப் பிரித்துப் படியுங்கள். சுருக்கத்தைப் படித்துப் பயப்படுவதுதான் வழக்கமான தவறு.

எத்தனாலும் தண்ணீரும் 78.2 டிகிரியில், எடையில் 95.6 சதவீதத்தில் முட்டி நிற்கும். காய்ச்சி வடிக்கும் சாதாரணக் கோபுரம் அதைத் தாண்டாது. தாண்ட சைக்ளோஹெக்ஸேன் என்ற கரைப்பானைச் சேர்க்கலாம். அல்லது 3 ஆங்ஸ்ட்ரம் மாலிகுலர் சீவில், அதாவது மிக நுண்ணிய துளைகள் உள்ள மணிகளில், ஆவியை விடலாம். தண்ணீர் அந்தத் துளைக்குள் போகும், எத்தனால் போகாது. கோரலில் சைக்ளோஹெக்ஸேன் இன்றியமையாத படியாக இருந்து, உங்களிடம் சீவ் நிரப்பிய படுகை மட்டும் ஓடினால் உங்கள் பக்கம் வலுவானது.

அதை நிரூபிக்கத் தினசரி லாக் ஷீட் வேண்டும்: ஊட்ட அளவு, ரிஃப்ளக்ஸ் விகிதம் (கோபுரத்துக்கே திருப்பி விடும் பங்கு), மேல்-கீழ் வெப்பநிலை, அழுத்தம், படுகை மாற்றிய நேரம். பல யூனிட்டுகளில் கடைசித் தூய்மை மட்டும்தான் எழுதியிருக்கும். அது எதற்கும் உதவாது. சைக்ளோஹெக்ஸேன் வாங்கவே இல்லை என்பதற்குக் கொள்முதல் பதிவேடும் பேசும்.

காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 104ஏ-யின்படி நிரூபிக்கும் சுமை சில சமயம், குறிப்பாகப் பொருள் புதியதாக இருந்தால், உங்கள் மேல் திரும்பலாம். ஆனால் எத்தனால் புதிய பொருள் அல்ல. எதிர்த்தரப்பு முதலில் நிறையக் காட்டவேண்டும்.

பதில் அனுப்புமுன் காப்புரிமை உயிரோடு இருக்கிறதா பாருங்கள்: விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு, அதிலும் புதுப்பிப்புக் கட்டணம் கட்டியிருக்கவேண்டும்.