முதல் வரிசையா, மேல் வரிசையா?

கேள்வி: இத்தனை வருடம் டிவியில் மட்டுமே கால்பந்து பார்த்தவன், முதல்முறை நேரில் போகிறேன். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் முதல் வரிசையிலும் டிக்கெட் இருக்கிறது, நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருபதாவது வரிசையிலும் இருக்கிறது. எதை எடுக்கலாம்?

பதில்: கண்ணை மூடிக்கொண்டு இருபதாவது வரிசையை எடுங்கள். சினிமா தியேட்டரில் முதல் வரிசையை யாரும் ஆசைப்பட்டு வாங்குவதில்லையே, இங்கேயும் அதே கதைதான். சர்வதேசப் போட்டி மைதானம் பொதுவாக 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். அதைத் தரைமட்டத்திலிருந்து பார்த்தால் ஒரு ஆட்டக்காரர் இன்னொருவரை மறைப்பார், விளம்பரப் பலகையும் கோல் வலையும் குறுக்கே நிற்கும், எதிர்முனையில் நடப்பது கூட்டமாகக் கால்கள் ஓடுவதுபோலத்தான் தெரியும். பாதி ஆட்டம் முடிந்ததும் அணிகள் பக்கம் மாறுவதால், ஒரு பாதியில், அதாவது 45 நிமிடம், உங்கள் அணி கோல் அடிக்கப் பாய்வது எப்படியும் அந்த எதிர்முனையில்தான்.

டிவியின் பிரதான கேமராவே நடுக்கோட்டுக்கு நேராக உயரத்தில்தான் இருக்கிறது, உங்கள் கண்ணுக்குப் பழகியதும் அந்தக் கோணம்தான். ஆனால் கேமரா பந்தைத் துரத்தும், நீங்கள் துரத்த வேண்டியதில்லை. தடுப்பாட்டக்காரர்கள் நாலு பேரும் கயிறு கட்டி இழுத்தமாதிரி ஒன்றாக முன்னே ஏறுவது, பந்தே வராத பக்கம் ஒருவர் இடம் தேடி ஓடுவது, இதெல்லாம் மேலிருந்து பார்த்தால்தான் பிடிபடும். எனக்கு அதுதான் நேரில் போவதற்கே காரணம்.

கத்தணும், பாடணும் என்றால் விஷயம் வேறு. அதற்கு கோலுக்குப் பின்பக்கம்தான் சரி. ஜெர்மனியின் டார்ட்மண்ட் மைதானத்தில் அந்தப் பக்கம் சுமார் 25,000 பேர் நின்றுகொண்டே பார்ப்பார்கள். ஃப்ரீகிக் வளைந்து வருவதும் அங்கிருந்துதான் அழகு.

அப்புறம், சுற்றிலும் ஓட்டப்பந்தயப் பாதை உள்ள மைதானமா என்று பாருங்கள். இருந்தால் எல்லா இருக்கையும் தள்ளிப்போகும், இன்னும் மேலே ஏறுங்கள். சாயங்கால ஆட்டமென்றால் மேற்குப் பார்த்த பக்கம் வேண்டாம், வெயில் நேரே கண்ணில் அடிக்கும்.

கேள்வி: எதிரணி ரசிகர்கள் பகுதியில்தான் டிக்கெட் கிடைத்தது. எங்கள் அணி ஜெர்சியோடு போகலாமா?

பதில்: வேண்டாம். பல மைதானங்களில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாதாரணச் சட்டையில் போங்கள், உங்கள் அணி கோல் போட்டால் துள்ளிக் குதிக்காமல் உட்கார்ந்திருக்க முடியுமா என்பதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.